மிச்சம் இருப்பது எது என்று கேட்டவர்

பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. உடனே மறுபடி அதிர்ந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டி எடுத்துப் பார்த்தால் முனிராஜு, பழைய பிளாண்டில் என் ஷிப்டு ஆபரேட்டர். யுகாதிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு முறை மட்டுமே பேசுகிற மனிதர். "சார், வசுமதி மேடம் ஹோகிபிட்ரு" என்றார், போய்விட்டாராம். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். சில மாதங்களாக நெஞ்சு சரியில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் போய்ப் பார்த்திருக்கலாம், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நினைத்துப் போகவில்லை. முனிராஜுவுக்கு அதற்கு மேல் கன்னடமும் வரவில்லை, எனக்குத் தமிழும் வரவில்லை.

பொம்மசந்திராவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். மருந்து கம்பெனிகளுக்கு வேண்டிய இடைப்பொருட்களைச் செய்கிற இடம். இன்று அது கைமாறி, பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. வசுமதி அங்கே ப்ராசஸ் கெமிஸ்ட். லேபில் குடுவையில் நடப்பதை பிளாண்டில் பெரிய ரியாக்டரில் நடத்திக் கொடுப்பது அவர் வேலை. நான் புரொடக்ஷனில் ஷிப்டு இன்சார்ஜ். அவர் சொல்வதைச் செய்வதும், செய்வதற்கு முன் அவரோடு சண்டை போடுவதும் என் வேலை. இதைப் படிக்கிற பழைய நண்பர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது, மீதிப் பேருக்கு அவரிடம் பயம். இதில் மறைக்க என்ன இருக்கிறது. அவரைக் கடைசியாகப் பார்க்க ஜோகுபாளையத்துக்குக் கிளம்பிய அன்று இந்த இரண்டு கட்சியும் ஒரே வேனில்தான் ஏறியது.

அவர் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். பஸ் கண்டக்டரிடம் கன்னடத்தில் மல்லுக்கு நிற்பார், மாரியம்மனிடம் தமிழில் வேண்டிக்கொள்வார், பிளாண்ட் ஹெட்டிடம் இங்கிலீஷில் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும். என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களின் தமிழை அவர் கேலி செய்வதும், அவருடைய "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க"வை நாங்கள் கேலி செய்வதும் கேன்டீனில் தினசரி நடக்கும்.

நான் ராணிப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த முதல் வாரம். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, தொழிலில் அனுபவமும் ஒன்றுதான். இருந்தாலும் அந்த அம்மாள் என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல மேலும் கீழும் பார்த்தார். ரியாக்டர் மேடைப் பக்கத்தில் ஒரு பக்கம் மூட்டை மூட்டையாகக் கீட்டோன் என்கிற மூலச்சரக்கு அடுக்கியிருந்தது, மறுபக்கம் சின்ன டிரம்மில் அதோடு வினைபுரிய வேண்டிய ஹைட்ரைடு. "எது முதல்ல தீரும்?" என்று கேட்டார். இதென்ன எல்.கே.ஜி. கேள்வி என்று எனக்குக் கடுப்பு. சின்ன டிரம்மைக் காட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. ஒரு ஹைட்ரைடு நாலு கீட்டோனைக் கவனித்துக்கொள்ளும், மூட்டை முழுக்கத் தீர்ந்த பிறகும் டிரம்மில் போட்டது கொஞ்சம் மிஞ்சும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது தெரியாததல்ல. வாய்தான் முந்திக்கொண்டது. அன்று மாலை வரைக்கும் அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

பாடப்புத்தகம் அதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று சொல்லும். பிளாண்டில் லிமிட்டிங் ரீஏஜெண்ட் என்போம். வசுமதிக்கு அது வெறுமனே 'முதல்ல தீர்றது'. இரண்டு பொருள் சேர்ந்து வினை நடக்கிறது என்றால், எது முதலில் தீர்கிறதோ அதோடு எல்லாம் நின்றுவிடும். மற்றது எவ்வளவு இருந்தாலும் ஜோடி இல்லாமல் சும்மா கிடக்கும். எடை இதில் பேசாது, மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் பேசும். விஷயம் இவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் தீர்ந்துபோகிற பொருளைப் பற்றிக் கவலை, ஏனென்றால் எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அவருக்கோ சும்மா கிடக்கிற மற்றதைப் பற்றித்தான் எப்போதும் கவலை. "தீர்ந்தது யாரையும் ஒண்ணும் பண்ணாது குமரேசன், மிஞ்சினதுதான் ஆளை அடிக்கும்" என்பார். ஸ்டோரில் போய் நின்றால் "தராசுக்குத் தண்ணியும் ஒண்ணு, சரக்கும் ஒண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் தலையைக் கண்டதுமே ஸ்டோர்காரர்கள் அந்த வாக்கியத்தை அவருக்கு முன்னால் சொல்லி முடிப்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் நகர்வார்.

பொம்மனஹள்ளியில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது வந்திருந்தார். பட்டுப்புடவையும் கையில் ஒரு எவர்சில்வர் குடமுமாக வந்தவர், பூஜையறைக்குப் போவதற்கு முன் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தார். அண்டா நிறையப் பாயசம். என் மைத்துனன் பெருமையாக நின்றுகொண்டிருந்தான். அவனிடம் போய், பாயசம் மிஞ்சும், பேப்பர் கப் தீர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அவன் நல்ல நாளில் இதென்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் பந்தியில் கப் தீர்ந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடியதை வசுமதி பார்த்தார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் சொன்னது பலித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்பதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நான் எழுத வந்தது ஒரு காலையைப் பற்றி. அங்கே இருந்தவர்களுக்கு எந்தக் காலை என்று சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்காக முழுதாகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து பிளாண்ட் திறந்திருந்தது. ரியாக்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம், கம்பத்துக்குக் கம்பம் வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் போகவில்லை. பூஜைக்குப் பிறகு ஓடுகிற முதல் பேட்ச் தடங்கல் இல்லாமல் போக வேண்டும், போனால் வருடம் முழுக்க நன்றாகப் போகும் என்று எங்களில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மெத்தப் படித்த பிளாண்ட் ஹெட்டுக்கும்தான். நான் ஷிப்டுக்கு வந்தபோது கீட்டோனைப் போட்டு முடித்திருந்தார்கள், ஹைட்ரைடு கரைசலும் மெல்ல மெல்ல உள்ளே போய் முடிகிற கட்டம். இரவு ஷிப்டுக்காரர் கைமாற்றிக் கொடுக்கும்போது, மூட்டை கொஞ்சம் ஈரமாக இருந்தது, ஆனால் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் நடக்கிற வேலைதானே, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். அது நியாயமான பேச்சுதான். தண்ணீர் இந்த வினையைக் கெடுக்காது. நானும் தலையாட்டினேன், யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஹைட்ரைடு போகப் போக எப்போதும் ரியாக்டர் சூடேறும், குளிர்விக்கிற உப்புநீரான பிரைனின் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்போம். இந்த முறை பாதிக்கு மேல் சூடே ஏறவில்லையாம், ரியாக்டர் சமர்த்தாக இருந்ததாம். பூஜைக்காக, பிரைனைக் குளிர வைக்கிற சில்லர் மெஷினைக் கழுவிச் சர்வீஸ் செய்ததன் பலன் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அம்மன் அருள் என்று ஒருவர் சொன்னார். லேபிலிருந்தும் போன் வந்தது, கீட்டோன் துளியும் இல்லை, வினை முடிந்துவிட்டது என்று. அடுத்தது ஆசிட் விட்டு, மிஞ்சியிருக்கிற கொஞ்சம் ஹைட்ரைடை அழிக்க வேண்டும். அப்போது ஹைட்ரஜன் வாயு வரும். எப்போதும் மிஞ்சுவது கொஞ்சம் என்பதால் வருவதும் கொஞ்சம், மேலே இருக்கிற குழாய் வழியாகப் போய்விடும். முனிராஜு மேடை ஏறி ஆசிட் வால்வுப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் கை காட்டுவதற்காக என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் வசுமதி வந்தார். பேட்ச் பார்க்க வரவில்லை, பிரசாதப் பொரி வாங்க வந்தார். கையில் பொரிப் பொட்டலத்தோடு பேனலைப் பார்த்தவர் நின்றுவிட்டார். பிரைன் வால்வு ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார். திறந்து வைக்க அவசியம் இல்லாததால் இப்போதுதான் மூடினோம் என்றேன். வெப்பநிலைக் கோட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். பாதி வரைக்கும் வழக்கம் போல ஏறி இறங்கியிருந்த கோடு, அதற்குப் பிறகு தரை மாதிரி படுத்திருந்தது. பொட்டலத்தைப் பேனல் மேலேயே வைத்துவிட்டு மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"முனிராஜு அவரே, கெளகெ இளீரி. வால்வைத் தொடாதீங்க. இறங்கி வாங்க."

முனிராஜு என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. என் ஷிப்டு, என் ஆள், முதல் பேட்ச், லேப் சரி என்று சொன்ன பேட்ச். என்ன மேடம் இது என்று சத்தம் போட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவே இல்லை. முனிராஜு ஏணியில் இறங்கி, கால் தரையில் படும் வரைக்கும் அவர் வேறு பக்கம் திரும்பவில்லை. அதற்குள் யாரோ சொல்லி பிளாண்ட் ஹெட் வந்துவிட்டார். நெற்றியில் குங்குமத்தோடு வந்தவர், பூஜை முடிந்த முதல் பேட்சிலேயே கை வைக்கிறீர்களே என்று ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. அபசகுனம்.

சில்லர் நன்றாக வேலை செய்வதால்தான் சூடு தெரியவில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் பிரைன் திரும்பி வருகிற குழாயில் வைத்தார். ஐஸ் கட்டியிருந்தது. வால்வு கொஞ்ச நேரத்துக்கு முன்தான் மூடப்பட்டிருந்தது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாய். போன குளிர்ச்சியோடேயே திரும்பி வந்திருக்கிறது. உள்ளே சூடு இருந்திருந்தால் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அம்மன் அருளும் இல்லை, சில்லர் சர்வீசும் இல்லை, சூடே பிறக்கவில்லை. கை விறைத்துப்போய் எடுத்தேன்.

பிளாண்ட் ஹெட் சாமானிய ஆள் அல்ல. சூடு பிறக்கவில்லை என்றால் ஹைட்ரைடு பழையதாகி வலு இழந்திருக்கலாமே என்றார். அப்படியானால் உள்ளே ஒன்றும் ஆபத்து இல்லை, இன்னும் கொஞ்சம் ஹைட்ரைடு சேர்த்தால் போதும். கேட்பதற்கு இது சரியாகத்தான் இருந்தது. ஹைட்ரைடு வலு இழந்ததா, கீட்டோன் குறைந்ததா; ஒரே அறிகுறி, இரண்டு காரணம், இரண்டுக்கும் நேர் எதிரான வைத்தியம். தப்பான பக்கம் கை வைத்தால் மிச்சமிருக்கிற ஹைட்ரைடோடு இன்னும் ஹைட்ரைடைச் சேர்த்துவிட்டு அதன் மேல் ஆசிட் விடுவோம். நுரை பொங்கி, வாயு குழாய்க்கு அடங்காமல் மேடையில் பரவி, எங்கேயோ ஒரு பொறி பட்டால் போதும்.

வசுமதி குரலை உயர்த்தவில்லை. "ஹைட்ரைடு வலு இல்லாம இருந்தா, கீட்டோன் மிஞ்சியிருக்கணும் சார். லேப்ல கீட்டோன் இல்லேங்கறாங்க. லேப் சொன்னது சரி. கீட்டோன் தீர்ந்துதான் போச்சு, ஆனா பாதி சூட்டுலயே தீர்ந்துபோச்சு. அப்படின்னா போட்டதே பாதிதான்." கொஞ்சம் நிறுத்தினார். "முடிஞ்சது எதுன்னு எல்லாரும் சொல்றீங்க. மிச்சம் இருக்கறது எதுன்னு யாராவது சொல்லுங்க."

மூட்டைக் கணக்கு சரியாக இருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது என்று மட்டும் ஒருவர் முனகினார். கீட்டோன் வருகிற பக்கத்து பிளாக்குக்கு நானே ஓடினேன். டிரையர் ஆட்களைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூஜைக்கு முந்தின நாள் சரக்கு டிரையரில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. சாயங்காலம் மற்ற மெஷின்களை எல்லாம் அலங்கரித்துவிட்டு டிரையருக்கும் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். பொட்டு வைத்த மெஷினைப் பூஜை முடிந்து படைத்ததை எடுக்கும் வரைக்கும் யார் ஓட்டுவார்கள்? ஒருத்தரும் துணியவில்லை. சரக்கை அரைகுறையாக இறக்கி, எடை போட்டு, மூட்டை கட்டிவிட்டார்கள். ஈரம் எவ்வளவு இருக்கும் என்றால், ஒரு மாதிரி காய்ந்துதான் இருந்தது என்கிறார்கள். தண்ணீர் வினையைக் கெடுக்காது என்று நாங்கள் எல்லோரும் சொன்னது உண்மை. அது சரக்கின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எடையில் பங்கு வாங்கிவிட்டது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். பிளாண்ட் ஹெட் உடனே இறங்கி வரவில்லை. ஒரு மாதிரி காய்ந்திருந்தது என்றால் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆசிடைக் கொஞ்சம் மெதுவாக விடலாம் என்றார். வசுமதி அதற்கும் சம்மதிக்கவில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியாதபோது எது மெதுவு என்று யாருக்குத் தெரியும் என்றார். மிஞ்சி நிற்கிற ஹைட்ரைடுக்கு வேறு ஜோடி கொடுத்து அமைதியாகத் தீர்ப்போம், அசிட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம், அதுவும் ஒரு கீட்டோன்தான், வாயு வராது, சூடு மட்டும் வரும் என்றார். ஆனால் அசிட்டோன் அந்த பேட்சின் செய்முறையிலேயே கிடையாது. வாடிக்கையாளரின் ஆடிட்டில் வந்தால் பேட்சைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். ஏற்கனவே அவரை பிளாண்டிலிருந்து எடுத்து லேபுக்கே அனுப்பிவிடலாம் என்று மேலே பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். உங்கள் கணக்கு தப்பானால் இது உங்கள் தலையில்தான் விழும் என்று பிளாண்ட் ஹெட் எல்லோர் முன்னாலும் சொன்னார். விழட்டும் என்றார் வசுமதி.

அசிட்டோன் விடுகிற பம்ப்பை அவரே பிடித்துக்கொண்டார். என்னைப் பிரைன் வால்வில் நிற்க வைத்தார். மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினார், முனிராஜுவை முதல் ஆளாக. முதல் கொஞ்சம் உள்ளே போயிற்று. மீட்டர் அசையவில்லை. பிளாண்ட் ஹெட் கதவருகில் நின்று தொண்டையைச் செருமினார். நான் வசுமதியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்னும் அசையவில்லை. போச்சு, இந்த அம்மாள் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் அவருக்காக வருத்தப்பட்டதும், உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்ததும் ஒரே சமயத்தில்.

பிறகு மீட்டர் நகர்ந்தது. முதலில் மெல்ல. பிறகு நிற்காமல். நான் வால்வை முழுக்கத் திறந்தேன். காலையில் வராமல் போன சூடு அத்தனையும் இப்போது கிளம்பி வந்தது. அவர் பம்ப்பை நிறுத்திவிட்டார், ஆனாலும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆல்கஹால் கொதிக்கிற அளவை நெருங்கும்போது என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. அவர் அசையாமல் நின்றதால் நானும் நின்றேன். ஏறியது ஒரு இடத்தில் தயங்கியது, நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கியதும் இன்னும் கொஞ்சம் விட்டார். மறுபடி ஏறியது. இப்படியே மத்தியானம் தாண்டும் வரை. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் போகவில்லை. கடைசியில் அசிட்டோன் விட்டும் மீட்டர் அசையாத ஒரு நேரம் வந்தது. உள்ளே இருந்த ஹைட்ரைடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆசிட் விட்டபோது சோடா பாட்டில் திறந்த அளவுக்கு நுரைத்து அடங்கியது. யாரும் கை தட்டவில்லை. பிளாண்ட் ஹெட் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வசுமதிக்குப் பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. செய்முறையை ஏன் மீறினீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். லேபுக்கு அனுப்புகிற பேச்சு மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோனது. அடுத்த வருடத்திலிருந்து டிரையரைக் காலி செய்த பிறகுதான் பொட்டு வைப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. புதிதாக வந்தவர்கள் அது ஏதோ சாஸ்திரம் என்று நினைத்து இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுக் காலி செய்வார்கள்.

அன்று சாயங்காலம் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் டீயை மேஜையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சினார். மீட்டர் அசையாமல் இருந்தபோது கண்ணை மூடி மாரியம்மனை வேண்டினீர்களே, நல்ல வேளை அவள் காப்பாற்றினாள், சூடு ஏறி உங்கள் கணக்கு நிரூபணம் ஆயிற்று என்றேன். அவர் என்னை ஒரு விசித்திரமான பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சூடு ஏறணும்னா வேண்டினேன்? ஏறக்கூடாது தாயே, நான் சொன்னது தப்பா இருக்கட்டும்னு வேண்டினேன். தப்பா இருந்தா என்ன, அசிங்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவ்வளவுதானே? சரியா இருந்தா உள்ள அவ்வளவும் இருக்குன்னு அர்த்தம் குமரேசன்."

அந்த மேடையில் நாங்கள் எல்லோரும் யார் சொல்வது சரி என்ற சண்டையில் இருந்தோம். அவர் மட்டும்தான் அந்தச் சண்டையில் இல்லை. தன் கணக்கு சரி என்று தெரிந்தே, அது தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பழைய நண்பர்கள் சிரிப்பீர்கள். சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் அவர் நிறுத்தச் சொன்னால் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு சண்டை போட்டேன்.

ஜோகுபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் முனிராஜு ஓரமாக நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து பேத்தி பிறந்திருக்கிறாளாம். அன்று நீங்கள் எல்லோரும் இங்கிலீஷில் என்ன பேசினீர்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியாது சார் என்றார். "நான் எறங்குற வரைக்கும் மேடம் யார்கிட்டயும் பேசல. அதொந்தே கொத்து." அது ஒன்றுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகத் தயங்கி நின்றார். நான்தான் தோளைத் தொட்டு அழைத்துப்போனேன். இருவரும் அழுதோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது நான் ஹோசூர் ரோட்டில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். அவர் போன பிறகு, போன வாரம், ஒரு பேட்சை நிறுத்தினேன். லேப் முடிந்தது என்று சொல்லிவிட்டது, ஆனால் எனக்குச் சூட்டின் கணக்கு இடித்தது. மேடையில் இருந்தவரை இறங்கச் சொன்னேன். இளம் இன்ஜினியர்கள் முறைத்தார்கள். வசுமதியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது 'மிச்சம் இருக்கறது எது' என்ற அந்தக் கேள்வி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, அந்த வேண்டுதல்தான். நான் சொல்வது தப்பாக இருக்கட்டும் என்று அன்று மனதார வேண்டிக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றேன்.

தப்பாகத்தான் இருந்தது. வெப்பமானி பழுது, உள்ளே மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரு ஷிப்டு வேலை வீண். கிழவருக்குப் பயம் வந்துவிட்டது என்று பின்னால் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. சாயங்காலம் கேட் பக்கம் நின்று பார்த்தேன். மேடையிலிருந்து நான் இறக்கிய ஆள் உட்பட எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.